அரை நொடி

குலசேகரம் சந்தைக்குப் பின்னால்
ரப்பர் ஷீட்டு வாங்கி விற்கும் எங்கள் ஆபீசுக்கு
பதினாலு நாள் பரீட்சைக்கென்று
இன்டர்நெட் போன் வந்தது.

மார்த்தாண்டத்து அஜின்
ஆணியடிக்கச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து,
புகைக்கூட்டுச் சூட்டில் காரை உதிர,
வெள்ளைப் பெட்டியை பீரோவின் மேல் வைத்தான்.
இரண்டு பச்சை விளக்கு மினுங்கியது.
மூன்றாவது மினுங்க வேண்டாமா என்றேன்.
தோணினா மினுங்கும் என்றான்.

பழைய போன் மூலைக்குப் போனது,
மேலே ஒரு துவர்த்து மூடி.
அதன் எஸ்.டி.டி. பூட்டு எண்ணை
ராபின்சன் முதலாளி
கட்டின பெண்டாட்டிக்கும் சொன்னதில்லை.

முதல் அழைப்பு பக்கத்துக் குடோனுக்கு.
தராசடியில் நின்ற தங்கையன் அண்ணன்
எடுத்ததும் தும்மினார்.
சுவர் வழியாக ஒரு தும்மல்.
நான் சிரித்து முடித்த பிறகு
காதுக்குள் அதே தும்மல்.
பத்தடி தாண்ட எங்கே சுற்றியது?
சிங்கப்பூர் போய் வருதுக்கா என்றான் அஜின்.
களியக்காவிளை தாண்டாத மனுஷன்,
அன்று முழுக்க வருவோர் போவோரிடமெல்லாம்
தன் தும்மலின் பயணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கோட்டயம்.
"எந்தா விஜிலே, நாலாம் நம்பர்
தொண்ணூற்றொண்ணு" என்றார் குரியச்சன்.
"பத்தாது சாரே" என்றேன்,
மணி இரண்டாம் முறை அடிக்குமுன் எடுத்து
கேள்வி முடியுமுன் பதில் சொல்லி
பதினோரு வருஷமாய்ப் பழகிய வாய்.
ஆனால் என் "பத்தாது"
எந்தக் கடலடியிலோ போய்க்கொண்டிருந்தது.

அந்த இடைவெளியில்
குரியச்சன் என்னென்ன கண்டாரோ.
நான் கையால் வாயைப் பொத்தி
வேறொரு வியாபாரியிடம் கண்ணைக் காட்டுவதாக,
ஆலங்கோட்டுக்காரன் எதிரில் உட்கார்ந்து
டீ குடிப்பதாக.
"சரி, தொண்ணூற்றொண்ணரை" என்றார்.
அப்போதுதான் போய்ச் சேர்ந்தது
பழைய விலைக்கு நான் சொன்ன "பத்தாது".
"ஹோ" என்று மூச்சுவிட்டார்.
"தொண்ணூற்றிரண்டு. இனி மேலே இல்லை."

லோடுக்கு எவ்வளவு கூடுதல் என்று
முதலாளி கால்குலேட்டரில் இரண்டு தடவை அடித்துப் பார்த்தார்.
போனை விட்டுவிட்டு
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார் கொஞ்ச நேரம்.

எட்டாம் நாள் பேச்சிப்பாறைப் பக்கமிருந்து
மழை இறங்கியது. கரண்ட் போனது.
வெள்ளைப் பெட்டி செத்துக் கிடக்க,
துவர்த்துக்குள்ளிருந்து பழைய போன் அலறியது.
குரியச்சன்தான். அவர் மூச்சு
என் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது.
"தொண்ணூறு" என்றார்.
"தொண்ணூற்றொண்ணாவது தாங்க சாரே" என்று
கேட்ட மாத்திரத்தில் கொட்டிவிட்டேன்.
தொண்ணூறரைக்கு முடிந்தது.
முதலாளி ஒன்றும் சொல்லவில்லை,
குடையை உதறினார், ரொம்ப நேரம்.

பன்னிரண்டாம் நாள் அஜின் வந்து
என்னவோ மாற்றினான்.
தும்மல் இப்போது
சுவரிலும் காதிலும் ஒரே சமயம் வந்தது.
தங்கையன் அண்ணனுக்கு அதில் வருத்தம்.
எனக்கும்தான்.

குரியச்சன் விலை சொன்னார்.
நாக்கு நுனிக்கு வந்துவிட்ட பதிலை
பல்லுக்குப் பின்னால் பிடித்து வைத்தேன்.
ஒரு ஷீட்டைத் திருப்பிப் போடுகிற நேரம்.
வேர்த்தது.
இவ்வளவு பாரமா அரை நொடி?
அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.
"அம்பது பைசா சேர்த்துக்கோ" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம்
வீட்டிலிருந்து முதலாளி அழைத்தார்,
புதுப் போனில்தான், கண்ணாடி போலக் குரல்.
"நாளைக்கு ஆராதனை முடிஞ்சு
நேரே வந்து கணக்க முடிச்சிரு பிள்ளே."

பதினோரு வருஷமாக இதற்கு
சரி சார் என்றுதான் பதில்.
வெளியே ரப்பர் இலையிலிருந்து
தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
பீரோ மேலே, சத்தியமாய்,
மூன்றாவது விளக்கு மினுங்கியது.

"ஹலோ?" என்றார்.
"ஹலோ... சரி, திங்களே வா.
அப்பமா பாத்துக்கலாம்."

திங்கள் காலை நான் உள்ளே நுழையும்போது
அஜினிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்:
லைன் இப்பவும் இழுக்குதுடே,
போய் நல்லாப் பாரு.